வேர்ச்சொல் வைத்தியம்

சென்ற இதழில் படிப்பு பற்றி நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். நம் வட்டத்தில் மொத்தமே சில நூறு பேர். அதிலும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருப்பது பார்க்க நன்றாக இல்லை. ஆனால் தன் கட்டுரையின் மையமான வாதத்துக்குச் சாட்சியாக அவர் கூண்டில் ஏற்றியிருப்பது என்னை. சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்பதைத் தெரிவிப்பதற்காகவாவது எழுதியாக வேண்டும்.

வாதம் இதுதான். ஆங்கிலத்தில் படிப்பதைக் குறிக்கும் 'ரீட்' என்ற வினை பழைய ஆங்கிலத்து 'ரேடன்' என்பதிலிருந்து வந்தது. விடுகதையை அவிழ்ப்பது என்று அதற்கு அர்த்தம். விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே படிப்பு என்பதே சாராம்சத்தில் விடுகதையை அவிழ்க்கும் காரியம். ஆகவே புரியவில்லை என்கிற வாசகன் இன்னும் படிக்கவே ஆரம்பிக்காதவன். ஆகவே புதுக்கவிதை மீது சாட்டப்படும் புரியாமை என்பது குற்றமே அல்ல, கவிதைக்குக் கிடைத்த நற்சான்று. மூன்று 'ஆகவே'. முதல் 'ஆகவே'க்கு முன்னால் இருப்பது ஓரளவு உண்மை. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வேரைக் காட்டி வியாதியை மறைக்கும் வைத்தியம்.

இந்தச் சரக்கை அவர் என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1981-ல் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய முன்னுரையில் ஏறக்குறைய இதே வாக்கியங்கள் இருக்கின்றன. அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய ஆங்கில அகராதி கிடைத்திருந்தது. புதிதாகச் சைக்கிள் கற்றுக்கொண்டவன் கடைக்குப் போகக் காரணம் தேடுவான். நான் வேர்களைத் தோண்டக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

சொல்லை ஒழுங்காகப் பார்ப்போம். 'ரேடன்' என்ற வினையின் நடுவீட்டு அர்த்தம் ஆலோசனை சொல்வது. ஒருவனுக்கு இன்னது செய் என்று புத்தி சொல்வது, கூடிப் பேசி முடிவெடுப்பது, அந்த முடிவின்படி ஆள்வது, இவையெல்லாம் அதற்குள் வரும். இருட்டாக இருக்கும் ஒன்றை, ஒரு கனவை, ஒரு விடுகதையை, விளக்கிச் சொல்வதும் வரும். எழுதி வைத்ததைப் படிப்பது இவற்றோடு வந்து சேர்ந்துகொண்ட அர்த்தம். நம் 'யோசனை' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும். யோசனை பண்ணு என்றால் தனக்குள் நடப்பது. யோசனை சொல்லு என்றால் இன்னொருவனுக்காக நடப்பது. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' என்ற வினைக்குப் பழைய அர்த்தம் கீறுவது. ஒருவன் கீறினான், இன்னொருவன் கீறலைப் பார்த்து யோசனை சொன்னான். இந்த இரண்டு காரியங்களுக்கும் தன் சொந்தக் கையிருப்பிலிருந்தே சொல்லை எடுத்துக்கொண்டது ஆங்கிலம்.

அதன் உறவுக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. 'ரேடன்' என்பதன் ஜெர்மானியச் சகோதரி 'ராட்டென்'. அதற்கு இன்றும் ஆலோசனை சொல்வது, ஊகிப்பது என்ற இரண்டு அர்த்தங்களும் உண்டு; படிப்பது என்ற அர்த்தம் கிடையாது. ஜெர்மன் நகரங்களின் நடுச்சதுக்கத்தில் நிற்கிற 'ராட்ஹவுஸ்' நகராட்சி ஆலோசனை கூடும் வீடு. படிப்பதற்கு ஜெர்மன்காரன் சொல்வது 'லேஸென்'. பொறுக்குவது, சேர்ப்பது என்பது அதன் பழைய பொருள். திராட்சை அறுவடைக்கும் அவன் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறான். லத்தீனின் 'லெகெரே' என்பதற்கும் அதே கதை: பொறுக்குவது, பிறகு படிப்பது. பிரெஞ்சுக்காரனும் இத்தாலியனும் அந்த லத்தீன் சொல்லைத்தான் தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவில் கல்லில் வெட்டிய ரூனிக் எழுத்துகளுக்குப் பொருள் காண்பதை 'ரேடன்' குடும்பச் சொல்லால் சொல்லிய பழக்கம் இருந்தது. ஆனால் அங்கேயும் இன்றைக்குப் புத்தகம் படிப்பதற்குப் பொறுக்கும் சொல்தான். ஆலோசனைச் சொல்லைத் தினசரி படிப்புக்கு நிரந்தரமாக அமர்த்திக்கொண்டது ஆங்கிலம் மட்டும்தான்.

இப்போது நண்பரை ஒன்று கேட்கிறேன். வேர்தான் சாராம்சம் என்றால், படிப்பு என்பது ஜெர்மன் எல்லைக்குள் நுழைந்ததும் திராட்சை பறிக்கும் காரியமாக மாறிவிடுமா? படிப்பைப் பொறுக்குதல் என்று வைத்திருக்கும் மொழியில்தான் பால் செலான் எழுதினார். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கவிகளில் அவரைவிடக் கெட்டியாகப் பூட்டிக்கொண்டவர் அபூர்வம். படிப்பை விடுகதை அவிழ்ப்பது என்று வைத்திருப்பதாக நண்பர் சொல்லும் மொழியில்தான் பிலிப் லார்கின் எழுதினார். அவர் கவிதையில் ஒரு பூட்டும் கிடையாது. கதவு திறந்துதான் கிடக்கிறது. உள்ளே போனவன் வெளியே வரும்போது வேறு ஆளாக வருகிறான் என்பது தனி விஷயம். வேர் சொல்லுகிறபடி நடந்திருந்தால் இருவரும் மொழியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சொற்பிறப்பை வைத்து ஏமாந்தவர்களின் கதை அந்த வேரிலேயே ஒன்று இருக்கிறது. 978-லிருந்து 1016 வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, இங்கிலாந்தை ஆண்ட ஏதெல்ரெட் என்ற ராஜா. பெயரின் பின்பாதி இந்தச் சொல்தான். உயர்ந்த ஆலோசனை என்று பெயருக்குப் பொருள். அவன் செத்து நூற்றைம்பது வருஷம் கழித்துப் பதிவாகியிருக்கும் பட்டப்பெயர் 'உன்ரேட்': ஆலோசனை கெட்டவன். பெயரையும் பட்டத்தையும் சேர்த்தால் நல்ல கிண்டல். காலப்போக்கில் 'ரேட்' என்ற சொல் செத்துப்போய், ஜனங்கள் காதில் அது 'அன்ரெடி' என்று விழுந்தது. தயார் நிலையில் இல்லாதவன். 'ரெடி' வேறு குடும்பத்துச் சொல், இதற்கும் அதற்கும் ஒட்டில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களில் அந்த ராஜா இன்றுவரை தயாராகாமலே நிற்கிறான். 'ரிடில்' கதையும் கொஞ்சம் வேடிக்கைதான். பழைய வடிவம் 'ரேடெல்ஸ்'. கடைசி ஸகரம் சொல்லோடு பிறந்தது. அதைப் பன்மை என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள். சொற்கள் இப்படித்தான் காது மந்தத்தாலும் தப்புக் கணக்காலும் வளர்கின்றன. இவற்றிடம் போய்க் கவிதைக்குத் தீர்ப்பு கேட்கிறோம்.

சரி, விடுகதை என்றே வைத்துக்கொள்வோம். நண்பருக்கு விடுகதை என்றால் என்ன என்று தெரியுமா? பழைய ஆங்கில விடுகதைகளில் பெரும்பான்மை ஒரே ஏட்டில் இருக்கின்றன. எக்ஸிடர் ஏடு என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 1072-ல் இறந்த லியோஃப்ரிக் பிஷப் எக்ஸிடர் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. எஸ்ரா பவுண்ட் 1911-ல் தன் போக்கில் ஆங்கிலமாக்கிய 'கடலோடி' என்ற கவிதைக்கு மூலமும் இதில்தான் இருக்கிறது. நம்மில் பலர் பவுண்டைப் படித்திருக்கிறோம், பக்கத்து ஓலையைப் புரட்டியதில்லை. தொண்ணூற்றுச் சொச்சம் விடுகதைகள். விடை எழுதி வைக்கவில்லை. ஆனால் விடைகள் என்னென்ன? நங்கூரம், வெங்காயம், பனிக்கட்டி, கேடயம். எல்லாம் கேட்கிறவன் கண்ணால் பார்த்த, கையால் தொட்ட சாமான்கள். ஒரு விடுகதை எழுத்தைத் தின்னும் பூச்சியைப் பற்றியது. அந்துப்பூச்சி என்ற விடையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் என்ன விடுகதை என்றால், இத்தனை வார்த்தையைத் தின்றும் அதற்குக் கொஞ்சமும் அறிவு ஏறவில்லை என்று முடிக்கிறது. எதையும் ஒளிக்கவில்லை. கேட்டவன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஏட்டின் முதல் இலையில் கத்தி வெட்டுகளும் பாத்திரம் வைத்த வட்டக் கறையும் இருக்கின்றன. யாரோ அதன் மேல் எதையோ நறுக்கியிருக்கிறார்கள்.

விடுகதை போடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. விடை போடுகிறவனுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையானதெல்லாம் கேட்கிறவன் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறது. தோற்றால் விடை சொல்லப்படும். என் பாட்டி எந்தக் குழந்தையையும் விடை சொல்லாமல் தூங்க அனுப்பியதில்லை. நண்பர் தாங்கிப் பிடிக்கும் கவிதைகளுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்துமா? அவற்றில் சிலவற்றின் விடை எழுதியவருக்கே தெரியாது. கேட்டால் சிரித்து மழுப்புவார். மழுப்பட்டும், கவிதைக்கு விடை இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விடை இல்லாத நல்ல கவிதைகள் எனக்கு மனப்பாடமாக இருக்கின்றன. அவற்றை விடுகதை என்ற போர்வையைப் போர்த்திக் கொண்டுவராதீர்கள். விடுகதை மானமுள்ள ஜாதி.

இந்த வேர் மோகம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த விஷயம். ஹைடெகர் 1951-ல் ஹெராக்ளிடஸ் பற்றி எழுதிய 'லோகோஸ்' கட்டுரையில், கிரேக்க 'லெகெய்ன்' என்பதையும் ஜெர்மன் 'லேஸென்' என்பதையும் சேர்த்துப் பிடித்து, சேகரித்தல் என்ற கருத்தின் மேல் ஒரு கோபுரமே கட்டுகிறார். கோபுரம் அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு நாம் ஊருக்கு ஊர் செங்கல் அடுக்க ஆரம்பித்தோம். இரண்டே வருஷத்தில், 1953-ல், பிரான்சில் ழான் பொலான் சொற்பிறப்பை ஆதாரமாகக் காட்டும் பழக்கத்தைத் தாக்கி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது நம் பக்கம் வரவில்லை. 'எடிமாலஜி' என்ற சொல்லின் வேரே கிரேக்கத்தில் 'உண்மையான' என்று பொருள்படும். கடைக்காரனே தன் கடைக்கு அசல் என்று பலகை மாட்டிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதில் நம் இரட்டை நாக்கையும் சொல்லிவிட வேண்டும். தேவநேயப் பாவாணர் ஒரு தமிழ் வேரைக் காட்டி உலகத்தை விளக்கினால் நாம் சிரிப்போம். அதையே ஒரு ஜெர்மன் பேராசிரியர் செய்தால் எழுந்து நிற்போம். தொல்காப்பிய உரியியலில் ஒரு சூத்திரம், ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் தெளிவாகத் தென்படாது என்று எச்சரிக்கிறது. காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை. லேசில் தென்படாது, அவ்வளவுதான். அந்த நிதானம் எனக்குப் போதும்.

நிதானத்தோடு பார்த்தால் 'ரீட்' என்ற வினையிடம் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஆல்ஃப்ரெட் ராஜாவின் சரித்திரத்தை அசர் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரி எழுதினார், வருஷம் 893. எழுதியது லத்தீனில், ஆகவே நம் சொல் அதில் வராது. ஆனால் காரியம் வருகிறது. ராஜா தன் அதிகாரிகள் கொடுத்த தீர்ப்புகளை விசாரிக்கிறான். தப்பான தீர்ப்புகள். தெரியாமல் செய்தோம் என்கிறார்கள். ஒன்று படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதவியை விட்டுப் போங்கள் என்கிறான். நரைத்த தலையர்கள், சண்டைக்காரர்கள், எழுத்துக் கூட்ட உட்காருகிறார்கள். மூளை மசியாத கிழவர்கள் தன் மகனையோ உறவுக்காரனையோ, அதுவும் இல்லாதவர்கள் தங்கள் ஆட்களில் ஒருவனை, அவன் அடிமையாக இருந்தாலும் சரி, படிக்கப் பழக்கி, ராப்பகலாக எதிரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். சின்ன வயதில் கற்காமல் போனோமே என்று பெருமூச்சு விட்டார்கள் என்றும் அசர் எழுதுகிறார். படிப்பதும் ஆலோசனையும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒருவன் ஏட்டைப் பார்த்துச் சொல்வதை நம்பி இன்னொருவன் நிலமோ உயிரோ பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டும். தப்பாகப் படித்தால் யாருக்கோ நஷ்டம். 'ரேடன்' எனக்குக் காட்டுவது இந்த அறையைத்தான். இதையும் சாராம்சம் என்று சொல்லிவிட மாட்டேன். ஒரு காலத்தில் அந்தச் சொல் பழகிய ஆட்கள், அவ்வளவே.

இனி என் பாவத்தைச் சொல்ல வேண்டிய இடம்.

அந்த 1981 தொகுதி ஒரு டிரெடில் அச்சகத்தில் முந்நூறு பிரதிகள் அடிக்கப்பட்டது. புரூஃப் பார்த்தவன் நான். வெளிவந்து சில மாதம் கழித்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். பொடி எழுத்தில், ஐயா என்று விளித்து எழுதியிருந்தார். தொகுதியை முழுக்கப் படித்ததாகவும், கிணறு பற்றிய கவிதையை மட்டும் பல தடவை படித்ததாகவும், அதன் நான்காவது வரியில் கிணற்றுக்குள் ஒரு 'வாழி' இறங்குவதாக இருப்பது விளங்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். வாழி என்றால் வாழ்த்து என்றுதான் தெரியும். யாரை யார் வாழ்த்துகிறார்கள்? கேட்பதற்குத் தன் ஊரில் ஆளில்லை. முன்னுரை எழுதிய தாங்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

நான் ஓர் இன்லண்டு லெட்டரின் மூன்று பக்கமும் நிரப்பிப் பதில் போட்டேன். 'ரேடன்' வந்தது, 'ரிடில்' வந்தது. வாழி என்பது நம் ஆதிச் சடங்குகளின் வாழ்த்தொலி, அது நனவிலியின் கிணற்றில் இறங்குகிறது என்று யுங் வந்தார். வாசகன் உழைக்க வேண்டும், ஊட்டிவிடக் கேட்கக் கூடாது என்று முடித்திருந்தேன். அதன் பிறகு அவரிடமிருந்து எழுத்து இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, கவிஞரின் வீட்டில் அவருடைய கைப்பிரதி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் இருந்தது வாளி. கயிறு அறுந்து உள்ளே போகிற தகர வாளி. நான் சொன்னதும் கவிஞர் சத்தமாகச் சிரித்தார். இருக்கட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நானும் சிரித்தேன். அந்தத் தபாலட்டை அப்போது என் அலமாரியில், தொகுதிக்குள்ளேயே இருந்தது. விலாசம் அதில் இருந்தது. நான் எழுதவில்லை.

எனக்குக் கௌரவமான துணை உண்டு. அமெரிக்க விமர்சகர் மாத்தீஸன் 1941-ல் வெளியிட்ட தன் பெரிய புத்தகத்தில், மெல்வில்லின் ஒரு நாவலில் கடல்மீனைப் பற்றி வரும் ஓர் அடைமொழியை வியந்து எழுதினார். அழுக்கடைந்த மீன் என்று சொல்ல மெல்வில் ஒருவரால்தான் முடியும் என்ற தோரணையில். மெல்வில் எழுதியது சுருண்ட மீன். ஓர் எழுத்து அச்சில் மாறிப்போயிருந்தது. மாத்தீஸனை 1949-ல் ஒருவர் அச்சிலேயே திருத்தினார். என்னைத் திருத்த ஒரே ஓர் ஆள் முன்வந்தார். அந்த முந்நூறு பிரதிகளில் நான்காவது வரியைப் படித்தவர் அவர் ஒருவர்தான். புரூஃப் பார்த்த நானும் படிக்கவில்லை, முன்னுரை எழுதிய நானும் படிக்கவில்லை. அவர் கேட்டது 'ரேடன்' என்பதன் நடுவீட்டு அர்த்தத்தில் ஒரு யோசனை. நான் அவர் கையில் கொடுத்தது அதே சொல்லின் திண்ணையில் கிடந்த ஒரு பூட்டு.

நண்பர் என் முன்னுரையை இனியும் மேற்கோள் காட்டலாம், அவர் இஷ்டம். கவிஞர் இப்போது இல்லை. பிந்திய பதிப்பிலும் அந்தத் தப்பு அப்படியே இருக்கிறது. தொகுதி கைவசம் வைத்திருப்பவர்கள் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். கிணறு கவிதை, நான்காவது வரி: வாளி.